வலைத்தளம் படுத்த வாரம்

மே 19, திங்கள்

கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் ஒரு அம்மா போன் செய்தார். "உங்க சைட் திறக்கவே மாட்டேங்குதே, பையனுக்கு யூனிஃபார்ம் எப்படிங்க ஆர்டர் பண்றது?" பார்த்தேன். வெறும் வெள்ளைத் திரை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பிள்ளைகளின் ஆர்டரையும் எடுத்து முடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று பெரிய பள்ளிக்கூடம் சொல்லியிருக்கிறது. நேரம் பார்த்துத்தான் படுத்திருக்கிறாள் மகராசி.

ஹோஸ்டிங் கம்பெனிக்கு, அதாவது நம் தளத்தைக் குடிவைத்திருக்கும் புண்ணியவான்களுக்கு, என் சொந்த மெயிலிலிருந்து எழுதினேன். உடனே பதில்: "உங்கள் பொறுமைக்கு நன்றி." நான் பொறுமையாக இருக்கிறேன் என்று யார் சொன்னது?

மே 20

சப்போர்ட்டில் ஒருவர் கிடைத்தார். குரலில் தேன். "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?" பண்ணினேன். "வேற போன்ல பாத்தீங்களா?" பார்த்தேன். குளித்தீர்களா என்று மட்டும்தான் கேட்கவில்லை. கடைசியில், நான்தான் ஓனர் என்று நம்புவதற்கு மெயிலில் ஒரு நம்பர் அனுப்புவார்களாம். எந்த மெயிலுக்கு? நம் தளத்தின் பெயரிலேயே இருக்கும் மெயிலுக்கு. தளம் படுத்ததும் அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது.

"வேற மெயிலுக்கு அனுப்புங்க."

"மாத்தணும்னா அந்த மெயில்லேர்ந்துதான் எழுதணும் மேடம்."

அடடா, என்ன மூளை!

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கத்தினேன். நாலு வருஷம் முன்னால் எல்லாம் பதிவு செய்தது அவர்தானே. மனுஷன் எழுந்துபோய்ப் பழைய ஃபைல்களைக் கிளற ஆரம்பித்தார்.

மே 21

எதற்குக் கிளறினார் என்று தெரிந்தது. பழைய விண்ணப்பத் தாளைத் தேடி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மெயில் முகவரி என் கையெழுத்தில். 'நம்ம கடைப் பேர்ல மெயில் இருந்தாதான் மதிப்பு' என்று அடம்பிடித்தவளும் நான்தான். ச்சே.

மே 22

கடையில் துணி வெட்டும் என் நாத்தனார் சொன்னாள்: "அவனுங்க எழுப்புற வரைக்கும் உக்காந்து அழணுமா அண்ணி? டேப்பை எடுங்க." தலைமையாசிரியையிடம் கெஞ்சி, பிள்ளைகள் புத்தகம் வாங்க வரும் வாசலிலேயே இரண்டு ஸ்டூல் போட்டோம். நூற்றிரண்டு பேருக்கு அளவெடுத்தோம். ஒருத்தன், "கிச்சுகிச்சு மூட்டாதீங்க ஆன்ட்டி" என்று நெளிந்தே பத்து நிமிஷம் தின்றான். "இருபத்தெட்டு போதும், எனக்குத் தெரியாதா?" என்றார் அவன் அம்மா. டேப் முப்பத்திரண்டு என்றது.

மே 23, வெள்ளி

மீதி நூற்றொன்பது பேருக்கும் அளவெடுத்து முடிந்தது. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகவில்லை. இடுப்புதான் போய்விட்டது.

மே 30

அடையாள அட்டையைப் பதினோரு தடவை அனுப்பிய பிறகு தளம் எழுந்தது. கூடவே மெயில்: "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" பகலில் அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொள்ளட்டும்.

ஜூன் 14

பள்ளி திறந்து ஒரு வாரம். வருஷா வருஷம் இந்த வாரம்தான் 'தொளதொளன்னு இருக்கு', 'இறுக்குது' என்று சட்டைகள் திரும்பி வந்து குவியும். பெற்றோர்கள் தளத்தில் குத்துமதிப்பாகத் தட்டிய அளவு அப்படி. இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. "அடுத்த வருஷமும் நீங்களே வந்து அளவெடுங்க" என்று தலைமையாசிரியை போன் செய்தார்.

தளத்தில் ஆர்டர் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீதானே அது வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னே?"

"ஆமா. இப்ப அதுக்கென்ன?"