உருண்டை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ வேலை பார்க்கும் விலங்கு காப்பகத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால், மருந்து வண்டி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எதிர்க் கட்டடத்தை இடித்தபோது ஓர் ஆந்தைக் குஞ்சு விழுந்துவிட்டது. தாய் இடிபாட்டில் செத்துக் கிடந்தது. இப்போது குஞ்சு என் தையல் மெஷின் மேல்தான் குடியிருக்கிறது. பெயர் உருண்டை. பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுக்கிறேன். கூப்பிட்டால் தத்தித் தத்தி ஓடி வருகிறது. எத்தனை கூப்பிட்டும் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காத உன்னைவிட இது எவ்வளவோ மேல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுகிறேன் என்று நினைக்காதே. பாலும் ரொட்டியும் அதற்கு ஆகவே ஆகாது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இதே டிரைவரிடம் கொடுத்துவிடு. அதுவரை கொஞ்சாதே, பேசக்கூடப் பேசாதே. ஆளைக் கண்டு ஓடிவரும் ஆந்தையை வெளியே விட்டால் கல்லடி பட்டே சாகும். அப்படிப் பழகிவிட்டால் ஆயுசுக்கும் கூண்டுதான்.

உன் தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

நீ சொன்னபடி வாயைத் திறக்காமல் பெட்டியை மூடினேன். அதுதான் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே போனது. உனக்கு மனசே கிடையாது.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தணிந்ததா? உருண்டை (பார், எனக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது) எலி தின்னப் பழகிவிட்டது. ஆனால் இன்னும் காலடிச் சத்தம் கேட்டாலே வாயைப் பிளந்துகொண்டு வருகிறது. நாங்கள் முகத்தை மறைத்து, கையில் ஆந்தை முகம் வைத்த உறையை மாட்டித்தான் ஊட்டுவோம். அந்த உறை நைந்து இப்போது பூனை மாதிரி இருக்கிறது. ஒன்று தைத்துத் தருவாயா?

உன் தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

உறை இத்துடன் வருகிறது. மெஷின் மேல் உட்கார்ந்து முறைக்குமே, அந்த முகத்தை நினைத்தே தைத்தேன். இதை மாட்டி ஊட்டினால் என்னை மறந்துவிடும், இல்லையா? மறக்கட்டும்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகப் பறக்கிறது, தானே எலி பிடிக்கிறது. கடைசிச் சோதனையாக, ஒருவர் முகத்தை மறைக்காமல் அதன் கூண்டுக்குள் போய்க் கூப்பிட வேண்டும். அது நெருங்கி வந்தால் வெளியே விட முடியாது. அதை உன்னைவிட யார் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்? நீயே வா.

உன் தம்பி

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். "உருண்டை, இங்க வாடா" என்று நான் கூப்பிட்டதும் இறக்கையை விரித்துச் சீறிவிட்டு, மூலைக்குப் பறந்துபோய் உட்கார்ந்துகொண்டதே, அப்போது நான் அழுததைப் பார்த்து நீ பயந்துவிட்டாய். பைத்தியக்காரா, அது சந்தோஷத்தில் வந்த அழுகை. சாயங்காலம் கதவைத் திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. மனசு நிறைந்துவிட்டது.

மெஷின் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. நான் கூப்பிட்டால் நீயாவது வர வேண்டும்.

அன்புடன்,
அக்கா