கொள்ளிடம் பாலத்தில் அழுதவன்

புதன் இரவு, அரியலூர்

என்னோடு கல்லூரியில் வேலை பார்க்கும் மாலதி, தான் எழுதிய காதல் நாவலை அச்சுக்குப் போகுமுன் படிக்கக் கொடுத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒருவனும் ஒருத்தியும் பெரம்பலூரிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போகிறார்கள். திருமானூர் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு அவன் தேம்பி அழுகிறான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். உடனே காதல்.

சாப்பிடும்போது இவரிடம் சொல்லிச் சிரித்தேன். “ஏங்க, எந்த ஆம்பள நடுப்பாலத்துல உக்காந்து அழுவான்?”

இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “நான்தான் அழுதேன். அப்பா செத்த வருசம், தனியா சைக்கிள்ல போனப்ப.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே?”

“மாலதி ரோடு பத்திக் கேக்க வந்துச்சுல்ல, பேச்சுவாக்குல சொன்னேன். உங்கிட்ட சொன்னா சிரிப்ப.”

அதன்பிறகு நான் ரசம் ஊற்றினேன். இவர் சாப்பிட்டார்.

மாலதி வந்துச்சாம். இத்தனை வருடத்தில் இவர் கண் கலங்கிக்கூட நான் பார்த்ததில்லை. அவளுக்கு அந்த அழுகை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கிடைத்துவிட்டது. அதில் அவள் தன் கதாநாயகியைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள்.

நாவல் எப்படி இருக்கிறது என்று நாளை கேட்பாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தப் பாலத்தை மட்டும் எடுத்துவிடு, நம்பும்படி இல்லை என்று சொல்லப்போகிறேன்.