பத்து என்றாய், நாலு என்றேன்

அன்புள்ள அந்தோணியம்மா,

கடைசிக் காலத்தில் உன்னை நான் கூடப் பிறந்தவளைப் போலப் பார்த்துக்கொண்டேன் என்று மரக்காணத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. உன் முதலாண்டுப் பூசைக்கு நம் கோயிலில் அச்சடிக்கும் நினைவு மலரிலும் அதையே போடப்போவதாகச் சொன்னார்கள். என்னைப் பற்றி அச்சில் பிழை வந்தால் நான் பொறுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் பெரிய மருமகள், நீ சின்ன மருமகள். நான் பாண்டிச்சேரி கான்வென்டில் படித்துவிட்டு வந்தவள். நீ அனுமந்தைக்காரி, எங்கள் குடும்பத்து உப்பளத்திலேயே உப்புக்கூடை சுமந்துகொண்டிருந்து, என் கொழுந்தனின் பிடிவாதத்தால் வீட்டுக்குள் வந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே முற்றத்தில் இருந்தோம். நான் அதை விரும்பியதில்லை. கணவர்கள் இருவரும் போன பிறகு ஒரே அடுப்பில் சமைத்தோம். அதையும் விரும்பியதில்லை.

வலி இருவருக்கும் இருந்தது. எனக்கு முட்டியிலும் விரல்களிலும், உனக்கு இடுப்பில். ஆனால் ஊருக்குத் தெரிந்தது உன் வலி மட்டும்தான். விடிந்ததும் "எம்மா, இடுப்பு போச்சே" என்று ஆரம்பிப்பாய். பால்காரரிடம் சொல்வாய். பஸ்ஸில் முன்பின் தெரியாதவளிடம் சொல்வாய். அவள் ஒரு தைலத்தின் பெயர் சொல்வாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவாய். பக்கத்து அறையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் விழித்திருப்பேன். உனக்கு வலியே இல்லை என்பதற்கு அந்தக் குறட்டைதான் சாட்சி என்று நினைத்தேன்.

நான் முனகியதில்லை. கான்வென்டில் ஊசி போடும்போது அழுகிறவர்களுக்கு நன்னடத்தை மதிப்பெண்ணில் இரண்டு குறைப்பார்கள். எனக்கு ஒரு வருடமும் குறைந்ததில்லை. ஆனால் என் வலிக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. முட்டி வீங்கிய நாளில் பாத்திரத்தில் பிசுக்கு தெரியும், படுக்கை விரிப்பு கோணலாகத் தெரியும், வேலைக்கு வருகிறவள் திருடியாகத் தெரிவாள். மூன்று பேரை நிறுத்தியிருக்கிறேன். என்ன தப்பு செய்தோம் என்று மூவரும் கேட்டார்கள். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

நீ மட்டும் கண்டுபிடித்துவிட்டாய். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுக்க என் கதவுக்கு வருவாய்.

"அக்கா, முட்டியக் காட்டுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. போய் உன் இடுப்பப் பாரு."

"என் இடுப்ப ஊரே பாக்குதுக்கா. உங்க முட்டிக்குத்தான் ஆளில்ல."

கதவைச் சாத்திவிடுவேன். உப்பு ஆறும்வரை நீ வெளியே நின்றிருப்பாய்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், இருவரும் சேர்ந்து பாண்டிச்சேரிக்குப் போனோமே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த டாக்டரம்மா சின்னப் பெண். உனக்குப் பேச வராது என்று நானே முடிவுசெய்து, நம் இருவருக்காகவும் இங்கிலீஷில் பேசினேன். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். நீ என்னை முந்திக்கொண்டு, "பத்தும்மா. அதுக்கு மேல இருந்தா அதையும் போட்டுக்க" என்றாய். வெளியே காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: "இவள் சுபாவம் அப்படி. கொசு கடித்தாலும் பத்து என்பாள். நான் கூடவே இருப்பவள், எனக்குத் தெரியும். நாலு போடுங்கள்."

அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாலு என்று எழுதினாள். அவள் மேல் தவறில்லை. படித்த பெரியவள் ஒருத்தி சொன்னதை நம்பினாள். எனக்கு எவ்வளவு என்று கேட்டபோது மூன்று என்றேன். உன்னைவிட ஒன்று குறைவாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டாய். "நீங்க இருந்ததால டாக்டருகிட்ட ஒழுங்காப் பேச முடிஞ்சுதுக்கா" என்றாய். நான் "ம்" என்றேன்.

அந்தப் பத்துக்கு எத்தனை என்பது உனக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு காலையில் நீ வேலைக்கு வரும் கஸ்தூரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னிக்கு அக்காவுக்கு ஒம்போது. பாத்திரத்த ரெண்டு தபா கழுவு, வாயத் தொறக்காத." கூப்பிட்டு உன்னைத் திட்டினேன். உப்பு சுமந்தவளுக்கு என்ன தெரியும் என்றும் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். அன்றைக்கு ஒன்பதுதான், அந்தோணியம்மா. என் முகத்தைப் பார்த்தே என் வலியை எண்ணத் தெரிந்தது உனக்கு. நீ வாய்விட்டுச் சொன்ன எண்ணை நான் ஏன் நம்பவில்லை?

பாண்டிச்சேரி போய்வந்து ஏழு மாதம் கழித்து, ஒரு நாள் விடிந்தும் உன் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. இந்த வயதிலாவது இவளுக்கு மரியாதை வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். நாலாம் நாள் உன் கட்டிலுக்கே வந்து, "இப்பத்தான் ஒரு நல்ல வீட்டுப் பொம்பள மாதிரி இருக்கற" என்று பாராட்டினேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், வரவில்லை. முனகுவதற்கே உன்னிடம் தெம்பு இல்லை என்பது அன்று மாலை கால்கள் இரண்டும் அசையாமல் போனபோதுதான் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பைப் புற்றுநோய் அரித்திருந்தது. "இத்தன நாள் எப்படித் தாங்குனாங்க?" என்று கேட்டார்கள். அதன்பிறகு உன்னைத் துடைத்தேன், ஊட்டினேன், திருப்பிப் படுக்கவைத்தேன். ஊர் பார்த்தது அதைத்தான். நீ எதுவும் கேட்டுவிடுவாயோ என்று பயந்து செய்த வேலை அது. நீ கேட்கவே இல்லை.

உன் மகள் ஸ்டெல்லா சென்னையிலிருந்து வந்து, அந்த டாக்டரம்மா எழுதிய உன் பழைய சீட்டைப் படித்தாள். "அம்மா நாலுன்னு சொல்லியிருக்காங்க பெரியம்மா. நாம கஷ்டப்படக் கூடாதுன்னு கொறச்சுச் சொல்லியிருக்காங்க" என்று என் மடியில் விழுந்து அழுதாள். அடக்கத்தன்று ஃபாதரும் அதையே உன் தியாகமாகப் பிரசங்கத்தில் சொன்னார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து என்றே எழுதவிட்டிருந்தால் பிழைத்திருப்பாயா என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டேன். அதை யாரும் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அந்த ஏழு மாத வலியாவது குறைந்திருக்கும் என்கிறார்கள்.

இங்கே செய்தி அதிகமில்லை. மழை விட்டு உப்பளத்தில் தரை இறுக மறுபடி பாத்தி மிதிக்கிறார்கள். என் விரல்கள் மடங்குவதில்லை. இதை எழுத நாலு நாள் ஆயிற்று. கஸ்தூரி நின்றுவிட்டாள். இன்றைக்கு எனக்கு எத்தனை என்று சொல்ல ஆள் இல்லை. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் எழுதவேண்டாம். நாளைக் காலையில் நீ எழுந்துவந்து முனகினால் நான் ஜன்னலைச் சாத்தத்தான் செய்வேன். ஆனால் நீ சொல்லும் எண்ணைத் தொடமாட்டேன்.

திங்கட்கிழமை அதே டாக்டரம்மாவிடம் போகிறேன். உன் சீட்டையும் எடுத்துப் போவேன். அந்த நாலு யார் போட்டது என்று சொல்வேன். எனக்கு எவ்வளவு என்று கேட்டால், வெளியே யார் காத்திருந்தாலும், ஒன்பது என்று தமிழில் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஸ்டெல்லா, இந்த மலர் உன் கைக்கு வரும். உன் அம்மா எதையும் குறைத்துச் சொல்லவில்லை. குறைத்தவள் நான். பூசைக்கு வந்தால் நீ என் பக்கத்தில் உட்காருவாயா என்று எனக்குத் தெரியாது. போன் செய்யாதே, நீ அழுவாய், நான் உன்னை அதட்டுவேன். உனக்கு என்ன சொல்லவேண்டுமோ அதை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அந்தோணியம்மாவுக்கு ஓரகத்தி, உனக்குப் பெரியம்மா,
ரெஜினா