உன் வயிற்றில் இருந்தது மிளகாய் இல்லை

மச்சான்,

பாட்டில் மூடியைத் திறந்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீரில் பெப்பர்மிண்டைக் கரைத்த மாதிரி இருக்குமே, அதே வயிற்று மருந்து. அம்பத்தூர் கம்பெனியில் நாம் இருவரும் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் நின்ற காலத்தில் உன் பை, சட்டை, பேச்சு எல்லாவற்றிலும் இதுதான் வீசும். இப்போது என் வாயில் வீசுகிறது. உனக்கு வலித்த அதே இடத்தில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, எனக்கும் வலி வந்து டாக்டரிடம் போனேன். அங்கே கேட்டதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்யாணமான புதிதில் நீ எப்படித் தின்பாய்! உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஆந்திரா எல்லையில் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். அவள் வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு செக்கச்செவேலென்று இருக்கும். நீ டிபன் பாக்ஸைத் திறந்தால் கேன்டீனில் பாதிப் பேர் கை நீட்டுவார்கள். "தள்ளுங்கடா, எம் பொண்டாட்டி எனக்குக் கட்டினது" என்று பாக்ஸை மார்போடு அணைத்துக்கொள்வாய். கண்ணில் தண்ணீர் வழியும். ஆனாலும் விரலை நக்குவாய்.

பிறகு வலி வந்தது. "உள்ள எவனோ கேஸ் வெல்டிங் வெக்கிறான், மாமே" என்று மெஷின் மேலேயே கவிழ்ந்துகொள்வாய். சென்னீர்குப்பத்து டாக்டர், அல்சர் என்றார். காரம் தின்னாதே, கவலைப்படாதே, பால் குடி என்றார். அன்றைக்கு எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உன் அம்மாவுக்குத்தான் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "எம்புள்ள வயித்துல கொள்ளி வெச்சிட்டாளே பாவி" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அன்றிலிருந்து தங்கச்சி அடுப்பைத் தொடக்கூடாது என்று ஆயிற்று.

தயிர்சாதம், பிரெட், பால். மாசக்கணக்கில் அதையே தின்றாய். வலி குறைந்ததா? ஏறியது. "காரமே துன்றதில்லையே மச்சான், அப்பறம் இன்னாத்துக்கு வலிக்குது?" என்று கேட்டேன். "பழைய காரம்டா. வயித்து சொவுத்துல ஒட்டிகினு கீது, போவ மாட்டேங்குது" என்றாய். ஐயோ, அதைச் சொன்னபோது உன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உன் வீட்டில் இருந்தேன். உன் அம்மா வெளியே போயிருந்தார். நீ சுருண்டு கிடப்பதைப் பொறுக்காமல் தங்கச்சி பருப்பைக் கடைந்து, சோற்றில் குழைத்து எடுத்து வந்தாள். "சாவடிக்கவே பாக்கறியாடி?" என்று தட்டைத் தட்டிவிட்டாய். நான் கீழே கிடந்த பருப்பை வழித்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு மட்டும்தான் இருந்தது. "சத்தியமா காரமில்ல மச்சான்" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அவள் உங்கள் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

பிறகு ஒருநாள் காலை ஷிப்டில், டீ வரும் நேரத்தில், மெஷின் பக்கத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தாய். புண் ரத்தக்குழாய் வரைக்கும் அரித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்த எங்கள் ரத்தம் ஏற்றியும் நீ தங்கவில்லை. தங்கச்சி வந்து உன் காலைத் தொடக் குனிந்தபோது உன் அம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். "மொளகா அரைச்ச கையிடீ அது!"

இப்போது கேள். என் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார் டாக்டர். துளி சதையைக் கிள்ளி எடுத்தார். கிருமி என்றார். மரை போட்ட ஸ்க்ரூ மாதிரி சுருண்ட ஒரு பூச்சியாம். பல பேர் வயிற்றில் சும்மா கிடக்கும், சிலருக்குத்தான் புண்ணாக்கும். வயிற்று அமிலத்தில் சாகாமல், தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் சரக்கைத் தானே தயாரித்துக்கொண்டு, சளிப்படலத்தைத் துளைத்துப்போய் உட்கார்ந்துவிடுமாம். வயிற்றுச் சுவர் ஆபத்து ஆபத்து என்று ரசாயனச் சேதி அனுப்ப, ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. கிருமியைக் கொல்ல விஷத்தைக் கக்குகின்றன. கிருமியோ படலத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, வெந்துபோவது நம் சுவர்தான். மறுபடியும் சேதி போகிறது, இன்னும் அணுக்கள் வருகின்றன. வருஷக்கணக்கில் இதே சண்டை. வெந்த சுவரை அமிலம் அரிக்கிறது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டையே கொளுத்தின மாதிரி.

"காரம்?" என்று கேட்டேன். எரிச்சலைக் கூட்டலாம், இந்த மாதிரி ஓட்டை போடாது என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, பெரும்பாலும் இதே கிருமியாகத்தான் இருக்கும் என்றார். இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டே வாரம், மச்சான்! நீ இருந்தபோது இது இங்கே யாருக்குத் தெரியும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நேராகக் காட்டுப்பாக்கம் போனேன். தங்கச்சி அங்கே ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். உன் மகள் அவள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சாப்பிட உட்காரவைத்தார்கள். குழம்பு வெளுத்துக் கிடந்தது. "எங்கூட்ல மொளகாவே வாங்க மாட்டோம் மாமா, அம்மாக்கு ஆவாது" என்றாள் உன் மகள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "எத்தினி சோப்பு போட்டாலும் எரியற மாதிரியே இருக்கும்ணே" என்றாள். அழவில்லை. பிறகு சொன்னாள்: "இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவராண்ட சொல்லு. அப்டியே நெனச்சிகினு பூட்டாரே."

அந்த வார்த்தையைத்தான் நெஞ்சில் தூக்கிக்கொண்டு அலைகிறேன். என் வலியை மாத்திரை நிறுத்திவிடும், இது நிற்காது. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள் மச்சான். அவள் உன்னைக் கொல்லவில்லை. சொல்ல நான் இருக்கிறேன், கேட்க வேண்டிய நீதான் இல்லை.