இஸ்மாயில் அடிக்கவில்லை, நான்தான் அடித்தேன்

அனுப்புநர்:
ம. ஜெகதீசன் (வயது 68),
ராணுவத் தளவாடத் தொழிற்சாலை (ஓய்வு),
ஏரவாடா, புனே.

பெறுநர்:
காவல் உதவி ஆணையர் அவர்கள்,
புனே.

பொருள்: அரசியலமைப்புச் சட்டப் பட்டிமன்றத்தில் நடந்த அடிதடி – தவறான ஆளை லாக்கப்பில் வைத்திருப்பது – சரியான ஆளாகிய என்னைப் பிடிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் திண்டுக்கல் பக்கம் என்று கேள்விப்பட்டதால் தமிழிலேயே எழுதுகிறேன். படித்தது எட்டாவதுதான், ஆனால் அரசியலமைப்புச் சட்டம் அட்டையிலிருந்து அட்டை வரை எனக்கு மனப்பாடம். தொழிற்சாலையில் பெரிய அதிகாரிகளே என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

2. ஞாயிறன்று புனேயின் கேம்ப் பகுதியில் எங்கள் தமிழர் மன்றத்தின் குடியரசு தினப் பட்டிமன்றம். தலைப்பு, ‘அரசியலமைப்புச் சட்டத்தை அடிக்கடி திருத்தலாமா?’ திருத்தலாம் என்பது என் கட்சி. பிள்ளை வளர வளரச் சட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டாமா என்று கேட்டேன். கைதட்டலில் கூரைத் தகரமே ஆடியது. கை வைத்தாலே நாடு இடிந்துவிடும் என்று பேசியவர் மன்றச் செயலாளர் கோவிந்தராஜன். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி. இளைஞர், ஜிம் உடம்பு. நேரம் பார்த்து மணி அடிப்பவரும் அவரே.

3. ஆளுக்குப் பத்து நிமிடம் என்பது எல்லோரும் கூடி எடுத்த முடிவு. நான் சூடு பிடித்ததும் ஏழு என்றார். பிறகு ஐந்து. ‘அங்கிள், ரூல் மாறிடுச்சு, உட்காருங்க. வீட்ல ஆன்ட்டி தேடுவாங்க’ என்று சிரித்தார். மைக்கை அணைக்கச் சொன்னார். மைக் செட்காரர் இஸ்மாயில், ‘பெரியவர் பேசி முடிக்கட்டும் சார்’ என்று மறுத்தார். கோவிந்தராஜன் அவர் கன்னத்தில் அறைந்தார்.

4. ஐயா, அதன் பிறகு நடந்தது போர். மைக் கம்பத்தைப் பிடுங்கிச் சுழற்றினேன். முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் ஸ்பீக்கர் வழியாகக் கேம்ப் முழுக்கக் கேட்டது. இரண்டாவது தாடையில், பற்கள் சோளப்பொரி மாதிரி முதல் வரிசை வரை தெறித்தன. அவர் ஆட்கள் இருபது பேர் பாய்ந்தார்கள். நாற்பது என்று எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன். என் மண்டையில் நாற்காலி உடைந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, கைக்கு அகப்பட்டவனையெல்லாம் அடித்தேன். ஒருவருக்குக் காது கடிபட்டதாம். அதுவும் நானாகத்தான் இருக்கும்.

5. என்னைத் தையல் போடத் தூக்கிப் போன பிறகுதான் போலீஸ் வந்தது. ரத்தம் தோய்ந்த கம்பம் அப்போது இஸ்மாயில் கையில் இருந்தது. அவர் பொருள், எடுத்து வைத்தார். கோவிந்தராஜனும் அவரையே கைகாட்டினார். அறுபத்தெட்டு வயதுக் கிழவனிடம் இரண்டே அடியில் விழுந்தேன் என்று ஜிம்மில் சொல்ல முடியுமா?

6. சட்டத்தைத் திருத்தலாம் என்றே இப்போதும் சொல்கிறேன். ஆனால் மணியைப் பிடித்திருப்பவனே, ஆட்டத்தின் நடுவில், எதிராளியின் வாயை அடைக்கத் திருத்தக் கூடாது. மேடையில் இதைச் சொல்லத் தோன்றவில்லை. கம்பம்தான் கைக்கு வந்தது.

7. இஸ்மாயிலின் மனைவி நஸ்ரின் காவல் நிலைய வாசலிலேயே கிடக்கிறார். ‘அண்ணே, உங்க வீரத்தைத் தெரு முழுக்கச் சொன்னீங்களே, உள்ள போய் ஒரு தடவை சொல்லுங்க’ என்றார். அதனால்தான் இந்த மனு.

ஆகவே ஐயா அவர்கள் முதல் தகவல் அறிக்கையில் இஸ்மாயில் பெயரை நீக்கி என் பெயரை எழுதி, அவரை இன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டுகிறேன். எனக்கு ஜீப் வேண்டாம், ஆட்டோவில் நானே வருகிறேன். அந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு அறிக்கையில் யாரும் கை வைக்காமல் தாங்களே பார்த்துக்கொள்ளவும்.

இடம்: ஏரவாடா
நாள்: 28.01.2025

தலைக்கட்டுடன், தங்கள் வரவேற்பை எதிர்பார்க்கும்,
ம. ஜெகதீசன்