கழற்ற முடிகிற சுவிட்ச்

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குள் ஈயம் உருகும் வாசனை அடித்தது. நீதான் வந்து உட்கார்ந்துவிட்டாயோ என்று பாதிச் சவரத்தோடு திரும்பிப் பார்த்தேன். உன் சால்டரிங் அயர்னைப் பிடித்தபடி என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நீ போய்ச்சேர்ந்தபிறகு உன் ரிப்பேர் கடையை உன் மனைவி மூடவில்லை. உன் மேசையிலேயே கம்ப்யூட்டர் வைத்து, ரேஷன், ஸ்கூல் அட்மிஷன் என்று ஜனங்களுக்கு விண்ணப்பப் பாரம் அடித்துக் கொடுக்கிறாள். தாராவியில் பாரத்துக்கா பஞ்சம்? நாள் முழுக்க அடித்து விரல் முட்டியெல்லாம் வீங்கிவிட்டது. "கடைய விட்டுரட்டுமாண்ணே?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். பக்கத்தில் நின்ற என் மகள், செம்பூரில் டிப்ளமா படிக்கிறவள், "அத்தைக்கு நானே ஒரு கீபோர்டு செஞ்சு தாரேன்" என்றாள். கீபோர்டை வீட்டில் செய்யலாம் என்பதே எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு தனி சுவிட்ச். அதை போர்டில் ஈயம் வைத்து நிரந்தரமாகப் பற்றவைக்கலாம். இல்லையென்றால் சின்ன சாக்கெட்டைப் பற்றவைத்து, சுவிட்சை அதில் செருகி, வேண்டாதபோது பிடுங்கிக்கொள்ளலாம். எது நல்லது என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்! "பத்தவச்சிரு, அசையக் கூடாது" என்றேன், பெரிய இன்ஜினியர் போல.

"அத்தை விரலுக்கு எது ஒத்துக்கும்னு இப்பமே எப்படிப்பா தெரியும்?" என்று அவள் சாக்கெட்டையே வைத்தாள்.

சுவிட்சுகளைச் செருகிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் ஒன்றைத் தொட்டேன், ஆடியது. தோல் பை தைக்கிறவன் கைக்கு ஆடுகிற எதுவும் பொறுக்காது. தோல் ஒட்டுகிற சொல்யூஷன் பசை டப்பாவைத் திறந்து, மேல் வரிசை பத்து சுவிட்சையும் பிடுங்கி, அடியில் தீற்றி, காயவைத்து, அழுத்தி உட்காரவைத்தேன். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் சுத்தமான வேலை.

வந்தவள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வரவில்லை. "அப்பா, என்னப்பா பண்ணி வச்சிருக்க? இருக்கது ஒரே போர்டு!"

கரண்ட் பார்க்கிற உன் மீட்டருக்கு நான் உறை செய்து தந்தது ஞாபகம் இருக்கிறதா? முகம் மட்டும் தெரிய, நாலு பக்கமும் ஒட்டித் தைத்து, மீட்டரை உள்ளேயே வைத்து மூடிவிட்டேன். ஒரே மாதத்தில் பேட்டரி தீர்ந்தது. நீ பிளேடால் அறுத்துக்கொண்டே சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை மராட்டிக்காரர் எழுந்து வந்துவிட்டார். நான் மீட்டரை அடக்கம் செய்துவிட்டதாக உன் அரைகுறை இந்தியில் அவருக்கு விளக்கினாய். பிறகு என்னிடம், "ஏல கூறுகெட்டவனே, நாளைக்கு ஒருத்தன் இதத் தொறக்க வருவாம்லா? அவன் கையையும் நெனச்சு மூடு" என்றாய்.

காய்ந்த சொல்யூஷனைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மகள் மெல்ல நெம்ப, நான் உருட்டினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு சாக்கெட்கூடப் பெயரவில்லை.

சுவிட்ச் ஆடாமல் இருக்க அவள் வேறு வழி வைத்திருந்தாள். சுவிட்சுகளைக் கழுத்தில் கவ்விப் பிடிக்கிற ஒரு பித்தளைத் தகடு. ஆட்டம் நின்றது, ஆனால் அடித்தால் விரலில் கல்லாக இடித்தது. "இதுக்கடியில மெத்துன்னு ஏதாவது வேணும்ப்பா" என்றாள். மச்சான், அங்கேதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆட்டுத்தோலைக் காகிதம் போலச் சீவி, தகட்டின் நாலு ஓரத்துக்கும் பட்டை வெட்டினேன். ஒட்டவில்லை, சும்மா வைத்தேன். அவள் மேலே ஸ்க்ரூ போட்டுத் தட்டிப் பார்த்து, "செமப்பா" என்றாள். வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பட்டறையில் எல்லோர் காதையும் புண்ணாக்கினேன்.

புது கீபோர்டில் உன் மனைவிக்கு விரல் முட்டி வலி குறைந்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் வலிக்கிறது என்றாள். மாற்றிக் கொடுக்க மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் உன் மனைவியே உன் இடுக்கியால் நாலு சுவிட்சைப் பிடுங்கி, மகள் கொடுத்துவைத்திருந்த இலேசாக அமுங்கும் சுவிட்சுகளைச் செருகிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்கள் நின்றார்கள். "ஒரு நிமிசம், தொறந்து மூடிருதேன்" என்றாள், அப்படியே உன் தோரணையில். மகள் என்னைப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் சொல்யூஷனில் பிரஷ்ஷைத் தோய்க்கும்போது, இதை நாளைக்கு யார் திறப்பார்கள் என்று கை ஒரு கணம் நிற்கிறது. பட்டறையில் நான் மெதுவாகிவிட்டேன் என்கிறார்கள். பழி உன்மேல்தான் மச்சான்.