யாரும் தேர்ந்தெடுக்காத பிரதிநிதி

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதல் ஞாயிறு வகுப்பு. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன். பதினேழு வருடமாகப் பனியன் கம்பெனி மணிக்கு ஓடிப் பழகிய கால், பல்கலைக்கழகத்துக்கும் அப்படியே ஓடுகிறது.

வகுப்பறை வாசலில் நின்ற பெண், "யாரைப் பார்க்கணுங்க? பையன் அட்மிஷன் விஷயமா?" என்று கேட்டார். "நான்தானுங்க படிக்க வந்திருக்கறேன்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுக்கும் தரணி மேடம். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னை முன்பெஞ்சில் உட்கார வைத்தார். நான் பின்னால்தான் உட்கார நினைத்திருந்தேன்.

அரசு வேறு, அரசாங்கம் வேறு என்றார். முப்பத்தாறு வயதுவரை இரண்டும் ஒன்று என்றே நினைத்திருக்கிறேன். அரசாங்கம் மாறும், அரசு மாறாதாம். எழுதிக்கொண்டேன். புரிந்ததா? வகுப்பில் புரிந்த மாதிரி இருந்தது. பஸ் ஏறியதும் போய்விட்டது.

நான் கேட்டது வரலாறு. போனில் படிவம் நிரப்பும்போது மகள் அனுப்ரியா விரல் தவறி மேலே இருந்த அரசியல் அறிவியலை அழுத்திவிட்டாள். "மாத்திரலாம்மா" என்றாள். வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? இதுவரை தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாடத்தில் வந்த புதுச் சொல், இறையாண்மை. நூல்கண்டு அட்டையின் உள்பக்கம் எழுதி மெஷின் பக்கத்தில் வைத்திருந்தேன். பக்கத்து மெஷின் பழனியம்மாக்கா எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு அம்மன் கண்ணு?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கியதில் ஒரு பீஸ் கோணலாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் கம்பெனிக்குள் நுழைந்தால் அறிவிப்புப் பலகையில் என் படம். அடையாள அட்டைக்காக எடுத்த பழைய படம். கீழே, "தொழிலாளர் குழு – பெண்கள் பிரதிநிதி: திருமதி சித்ரகலா, தையல் பிரிவு."

முந்தைய பிரதிநிதி வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. அதற்குமுன் அவர்தான் பிரதிநிதி என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மேனேஜர் மகுடேஸ்வரன் சாரிடம் போனேன். "ஏனுங்க சார், என்னைக் கேக்கவே இல்லீங்களே?"

"நீங்கதானுங்க படிக்கறீங்க. அதும் பாலிடிக்ஸு. உங்களைவிட்டா வேற ஆருங்க?" என்று சிரித்தார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில், தொழிலாளர் நிலையைச் சோதிக்க அடுத்த மாதம் ஆடிட் வருகிறதாம். அவர்கள் வரும்போது குழுவில் ஆள் இருக்க வேண்டுமாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "நாங்க எப்பக் கண்ணு உனக்கு ஓட்டுப் போட்டோம்?" என்றார் பழனியம்மாக்கா. கேலியா, கோபமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் ஒன்றை எழுத வேண்டும். மதியம் சாப்பிடப் போகும்போது அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைய பாடமே பிரதிநிதித்துவம். எனக்கென்றே வைத்த மாதிரி. அனுப்பியவர்கள் சொன்னதை அப்படியே போய்ச் சொல்கிறவர் ஒரு வகைப் பிரதிநிதி. அவர்களுக்கு நல்லது என்று தனக்குத் தோன்றுவதைச் சொல்கிறவர் இன்னொரு வகை.

கையைத் தூக்கிவிட்டேன். "யாருமே அனுப்பாம ஒருத்தர் பிரதிநிதி ஆனா, அது எந்த வகைங்க மேடம்?"

"அது நியமனங்க. எங்க நடந்துச்சு?"

"சும்மா கேட்டனுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் தையல் மெஷின் லைனில் அறுபது பேர். கழிவறை போக இரண்டே டோக்கன்கள், நீல நிற பிளாஸ்டிக் வில்லைகள். சூப்பர்வைசர் மேசையில் டோக்கன் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் போனவர் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதவே கூசுகிறது.

இன்று பதினொரு மணிக்கு இரண்டு டோக்கனும் வெளியே. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் சுபாசினி – கம்பெனி ஹாஸ்டல் பிள்ளை, இருபத்திரண்டு வயதிருக்கும் – டோக்கன் இல்லாமலே எழுந்து போனாள். திரும்பி வந்தவளை சூப்பர்வைசர் உட்கார விடவில்லை. லைனுக்கு முன்னால் நிற்க வைத்தார். அவளுக்கு மாதவிலக்கு. சுடிதாரின் பின்பக்கம் கறை. அறுபது பேருக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றாள். அழவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பழனியம்மாக்கா எழுந்து போய்த் தன் துண்டை அவள் இடுப்பில் கட்டிவிட்டார்.

அதற்குமுன் லைனில் நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "நீதான மெம்பரு?" என்றது.

எந்திரிக்கலை. நான் எந்திரிக்கலை. கால் பெடல் மேலயே இருந்துச்சு. தச்சுக்கிட்டே இருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மேனேஜரிடம் சுபாசினி விஷயத்தைச் சொன்னேன். ஐந்து நாள் கழித்து. அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தார். "தப்புத்தானுங்க. சூப்பர்வைசரைக் கண்டிச்சு வெக்கறேன். ஆனா இப்ப கிளறாதீங்க. அமெரிக்கா ஆர்டர் எப்படிக் கொறஞ்சு போச்சுன்னு உங்களுக்கே தெரியும். இந்த ஐரோப்பா பையரும் போனா நைட் ஷிப்ட்ட நிறுத்தோணும். ஆடிட் முடியட்டுங்க, உக்காந்து பேசிக்கலாம்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

கையில் ஒரு தாள் கொடுத்தார். ஆடிட்டர் கேட்கும் கேள்விகளும் சொல்ல வேண்டிய பதில்களும். "உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" – "தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்." "கழிவறை செல்லக் கட்டுப்பாடு உண்டா?" – "இல்லை."

லைனுக்கு வந்தால் டோக்கன் இரண்டையும் காணோம். யார் வேண்டுமானாலும் போய் வரலாம் என்றார்கள். "இந்த ஆடிட்டு தெனமும் வரட்டுஞ் சாமி" என்றார் பழனியம்மாக்கா. லைனே சிரித்தது. சுபாசினி சிரிக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என்ன பாடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் அவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் கட்டிங் மாஸ்டர், வேறு கம்பெனி. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "எல்லாக் கம்பெனியிலும் இந்தத் தாள் இருக்குது. எங்களுக்கும் குடுத்தாங்க. சொல்லிட்டு வந்துட்டேன்."

"நானும் அப்படியே சொல்லிரட்டுங்களா?"

"ஆர்டர் போயிருச்சுன்னா எத்தனை ஊட்ல என்ன ஆகும்னு பாரு. அதுக்கு மேல நீ படிச்சவ."

படித்தவளாம். இதுவரை நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத்தான் போயிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால் இருநூறு பேர் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் ஆடிட் முடிந்த மறுநாள் அந்த நீல வில்லை மறுபடி மேசைக்கு வரும். இரண்டில் எது அவர்களுக்கு நல்லது? புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பிளேட்டோ இருக்கிறார், அரிஸ்டாட்டில் இருக்கிறார். கழிவறை இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஆடிட்டர் ஒரு பெண். தமிழ் நன்றாகவே பேசினார். அறையில் நானும் அவரும் மட்டும்.

"உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?"

"தொழிலாளர்கள் ஓட்டு..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஓட்டெல்லாம் போடலீங்க. ஒரு நாள் காலைல வந்தா என் படம் ஒட்டியிருந்துச்சு."

எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து, "பாத்ரூம் போக ஏதாவது கட்டுப்பாடு இருக்கா?"

"இன்னைக்கு இல்லீங்க."

தலையை நிமிர்த்தினார். "இன்னைக்குன்னா?"

அந்த ஒரு வார்த்தையை வேண்டுமென்று சொன்னேனா, வாய் தவறி வந்ததா? இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டார். சொல்லிவிட்டேன். டோக்கன், சுபாசினி நின்றது, எல்லாம். அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை.

வெளியே வந்து நேராக மெஷினில் உட்கார்ந்தேன். சொன்னதைத் தைரியம் என்று நினைக்கவில்லை. வாந்தி எடுத்த பிறகு இருக்குமே, அப்படி இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

என் படத்தைக் கிழித்துவிட்டார்கள். நான்கு மூலையிலும் பசை மட்டும் ஒட்டியிருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

என்னை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் பிசிர் வெட்டும் மேசை. தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. காரணம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதைவிட வலித்தது வேறு. பையர் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறான் என்று பேச்சு பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நான் போனால் பேச்சு நிற்கிறது. பழனியம்மாக்காவே, "உனக்குப் படிப்பு இருக்குது கண்ணு, எங்கியாவது பொழச்சுக்குவ. எங்களை ஒரு வார்த்தை கேட்டயா?" என்றார்.

கேட்கவில்லை. மேனேஜர் என்னைக் கேட்காமல் என்னைப் பிரதிநிதி ஆக்கினார். நான் இவர்களைக் கேட்காமல் இவர்களுக்காகப் பேசினேன். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் சொன்னது நிஜம் என்பதுமட்டும்தானா? அது போதுமா?

செப்டம்பர் 21, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் தரணி மேடத்திடம் முழுவதையும் சொன்னேன். நான் செய்தது சரியா என்று கேட்டேன். டஸ்டரை மேசையில் வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியலைங்க. இதெல்லாம் நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார்.

தெரியலை என்று சொன்னதற்காக அவரை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

அக்டோபர் 6, திங்கள்

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் பையர் கெடு வைத்திருக்கிறான். அறுபது நாளுக்குள் நிஜமான தேர்தல் நடத்த வேண்டும், டோக்கன் முறை எந்த வடிவிலும் இருக்கக் கூடாது. மேனேஜர் மைக்கில் வாசித்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பெண்கள் பிரதிநிதிக்கு நிற்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். இந்தத் தடவை யாரும் என் படத்தை ஒட்டவில்லை, நானாகவே போனேன். மதியம் இன்னொரு பெயரும் வந்தது. சுபாசினி.

அக்டோபர் 15, புதன்

அட்டைப்பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. பேக்கிங் டேப் சுற்றி மேலே ஒரு கீறல் போட்டிருந்தார்கள். பெண்கள் நூற்று ஐம்பத்தெட்டு பேர் ஓட்டுப் போட்டார்கள். சுபாசினிக்குத் தொண்ணூற்று ஏழு. எனக்கு அறுபத்தொன்று.

ஒடிசாப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குப் போட்டுவிட்டார்கள் என்று மனசுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹாஸ்டல் பிள்ளைகள் மொத்தமே ஐம்பது பேர்தான். மீதி?

பழனியம்மாக்கா தானாகவே வந்தார். "மறைக்கறதுக்கு என்ன கண்ணு, நானும் அந்தப் புள்ளைக்குத்தான் போட்டேன்."

"ஏனுங்கக்கா? பேசுனது நான்தான?"

"பேசுன. ஆருக்குந் தெரியாம ரூமுக்குள்ள பேசுன. அன்னைக்கு எங்க முன்னால எந்திரிக்கலையே." கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். தோற்றதற்கா, அவர் சொன்னது சரியாக இருந்ததற்கா?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கொமரலிங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். "என்ன படிக்கற?" என்று கேட்ட எல்லோரிடமும் வரலாறு என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று குழுவின் முதல் கூட்டம். மேல்மாடியில், பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. நான் கீழே பிசிர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் சுபாசினி ஒரு பெரிய நோட்டை அணைத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள். கூட்டத்தில் பேசியதை மேனேஜர் தமிழில் எழுதி, கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"அக்கா, இதுல என்ன எழுதி இருக்கு? படிங்க."

படித்தேன். குடிநீர் பற்றி ஒரு வரி. மின்விசிறி பற்றி ஒரு வரி. கடைசியில், "பெண் தொழிலாளர்கள் தரப்பில் வேறு புகார் எதுவும் இல்லை."

"நான் அது சொல்லலை" என்றாள். "நான் சொன்னது, அந்த சூப்பர்வைசர் எங்க லைன்ல வேண்டாம். மூணு தடவை சொன்னேன்."

"சார் என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னு சொன்னாரு. இங்க பாக்கலாம்கூட இல்லையே, அக்கா."

நோட்டை மூடி எடுத்துக்கொண்டு மேலே போனாள். நான் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போய்ச் சத்தம் போடுவாள், இல்லையென்றால் அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஐந்து நிமிடத்தில் மகுடேஸ்வரன் சாரும் கூடவே இறங்கி வந்தார். தையல் பிரிவில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்றத எழுதிக்கறனுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"சார் வேண்டாம். அக்கா எழுதட்டும்" என்றாள் சுபாசினி.

சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓரிடத்தில், இதைக் கொஞ்சம் பதமாகச் சொன்னால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். வேண்டாம் என்றாள். அவள் சொன்னபடியே எழுதினேன். ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் பழனியம்மாக்கா, "இன்னொருக்கா வாசி கண்ணு, கடைசி மெஷினுக்குக் கேக்கலையாம்" என்றார். எழுந்து நின்று வாசித்தேன்.

சுபாசினி ஒடியாவில் கையெழுத்துப் போட்டாள். வட்ட வட்டமான எழுத்து. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் யாருமே அதுவரை அந்த எழுத்தைப் பார்த்ததில்லை.